காளான் சூப்: முதல் முறையே நன்றாக வர

காளான் சூப் தனக்கு வராது என்று சொல்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருமுறையாவது செய்து பார்த்திருப்பார்கள். சாம்பல் நிறத்தில், மாவு வாசனையோடு, வெந்நீரில் ரப்பர் துண்டுகள் மிதப்பதுபோல ஏதோ வந்திருக்கும். அதோடு விட்டிருப்பார்கள். பொருட்களில் குறை இருந்திருக்காது, அளவும் பெரிதாகப் பிசகியிருக்காது. காளானை வதக்கும்போது ஒரு பத்து நிமிடம் முன்னாலேயே தண்ணீரை ஊற்றியிருப்பார்கள், அவ்வளவுதான்.

காளானின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 400 கிராம் காளான் வாங்கினால் அதில் 360 கிராம் அளவுக்குத் தண்ணீர்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீர் வெளியே வந்து, வற்றி, காளான் சுருங்கிச் சிவக்க வேண்டும். சூப்பின் மணமும் நிறமும் ருசியும் அங்கேதான் பிறக்கின்றன. இந்தக் கட்டுரையில் மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஒரு கட்டத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

எந்தக் காளான்?

முதல் முறை செய்பவர்கள் பட்டன் காளானையே எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பழுப்பாக இருக்கும் கிரெமினி கிடைத்தால் இன்னும் நல்லது, மணம் ஒரு படி கூடுதலாக இருக்கும். வெள்ளைப் பட்டன், பழுப்புக் கிரெமினி, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்த போர்டபெல்லோ மூன்றும் ஒரே இனம் என்பது பலருக்குத் தெரியாது. கிரெமினி முற்றி விரிந்தால் அதுவே போர்டபெல்லோ. வெள்ளை நிறம் 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பழுப்புக் காளான் வளர்த்த இடத்தில் தானாகத் தோன்றிய ஒரு மாறுபாடு. அதனால் செய்முறையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தயங்காமல் போடலாம். போர்டபெல்லோ போட்டால் மட்டும் குடைக்கு அடியில் இருக்கும் கறுத்த மடிப்புகளைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் சூப் கருமையாகிவிடும்.

சிப்பிக் காளானும் நன்றாக இருக்கும். அதன் அடிக்கொத்து கடினமாக இருக்கும், அதை வெட்டிவிட்டு மீதியைக் கையாலேயே நார் நாராகக் கிழித்துக்கொள்ளலாம். ஷிட்டாகே என்ற ஜப்பானியக் காளானின் தண்டு எவ்வளவு வேகவைத்தாலும் மெல்ல முடியாது. அதைச் சூப்போடு கொதிக்கவிட்டுக் கடைசியில் எடுத்துவிடுங்கள், சாறு மட்டும் இறங்கட்டும்.

நல்ல காளான் கையில் எடுத்தால் கெட்டியாக, உலர்ந்து இருக்கும். குடையின் அடிப்பகுதி தண்டோடு ஒட்டி மூடியிருந்தால் இளசு. சற்றே விரிந்திருந்தால் முற்றியது, ஆனால் சூப்புக்கு அது குறையே இல்லை, ருசி கூடுதலாகத்தான் இருக்கும். மேலே பிசுபிசுவென்று வழுக்கினாலோ, புளித்த வாடை வந்தாலோ வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பிளாஸ்டிக்குக்குள் காளான் விடும் ஈரம் அதன் மேலேயே படிந்து அழுகவைத்துவிடும்.

காட்டில், புல்வெளியில், மரத்தடியில் முளைத்த காளானைப் பறித்துச் சூப் செய்யாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கொல்லும் காளான்களில் சில, உண்ணும் காளான்களைப் போலவே இருக்கும். 'சாவுத்தொப்பி' என்று அழைக்கப்படும் அமானிட்டா ஃபலாய்ட்ஸில் உள்ள நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் வயிற்றுப்போக்கும் வாந்தியும் தொடங்கும், அதற்குள் நஞ்சு ஈரலைத் தாக்கத் தொடங்கியிருக்கும். வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. ஒன்றுகூடப் பலிக்காது.

கழுவலாமா?

கழுவலாம். காளான் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்று பயந்து ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பவர்கள் உண்டு. வடிகூடையில் போட்டு ஓடும் தண்ணீரில் அரை நிமிடம் அலசி எடுத்தால் அது குடிக்கும் தண்ணீர் மிகக் கொஞ்சம்தான். எப்படியும் வற்றவைக்கத்தானே போகிறோம். ஊறவைக்க மட்டும் கூடாது. அலசிய கையோடு துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். நறுக்கிய பிறகு கழுவாதீர்கள்.

அப்புறம், தோல் உரிக்க வேண்டியதில்லை. தண்டின் அடி நுனியில் மண் ஒட்டிய பகுதியை மட்டும் சீவினால் போதும்.

தேவையானவை

நான்கு பேருக்குப் போதுமான அளவு இது. காளான் 400 கிராம். நடுத்தர வெங்காயம் ஒன்று, பூண்டு மூன்று பல். வெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. மைதா இரண்டு மேசைக்கரண்டி, தலைதட்டி எடுத்தது. தண்ணீர் அல்லது காய்கறி வேகவைத்த சாறு 750 மில்லி. பால் 250 மில்லி, கெட்டியான கிரீம் இருந்தால் அதில் 100 மில்லியே போதும். உப்பு, புதிதாகப் பொடித்த மிளகு, எலுமிச்சைச் சாறு சில துளி. தைம் என்ற வாசனை மூலிகை கிடைத்தால் இரண்டு கிளை போடுங்கள். கிடைக்காவிட்டால் தேடி அலைய வேண்டாம்.

பாத்திரம்தான் முக்கியம். அடி கனமாக, வாய் அகலமாக இருக்க வேண்டும். ஆழமான குறுகிய பாத்திரத்தில் காளானைப் போட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் காளான் தன் தண்ணீரிலேயே வெந்துகொண்டிருக்கும். அகலப் பாத்திரம் இல்லையென்றால் வாணலியில் வதக்கிவிட்டு அப்புறம் சூப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள், அல்லது இரண்டு தடவையாக வதக்குங்கள்.

நறுக்குதல்

மூன்றில் இரண்டு பங்கைக் கால் அங்குலத் தடிமனில் வில்லைகளாக நறுக்குங்கள். மீதியைப் பொடியாக நறுக்கிக்கொள்ளலாம். பொடியாக நறுக்கியது கரைந்து சூப்புக்கு உடம்பு கொடுக்கும், வில்லைகள் வாய்க்குக் கிடைக்கும். மெல்லிய காகிதம்போலச் சீவ வேண்டாம். வதக்கும்போது பாதிக்கு மேல் சுருங்கிவிடும் என்பதை மனதில் வைத்து நறுக்குங்கள்.

வதக்குதல்

இங்கேதான் நிதானம் வேண்டும். பாத்திரத்தை நன்றாகச் சூடாக்குங்கள். எண்ணெய், வெண்ணெய் எதுவும் இப்போது வேண்டாம். பச்சைக் காளான் பஞ்சு மாதிரி, உள்ளே முழுக்கக் காற்றறைகள். கொழுப்பை ஊற்றினால் ஒரே இழுப்பில் குடித்துவிடும். பாத்திரம் காய்கிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம். கடைசியில் சூப்பில் எண்ணெய் மிதக்கும். வெந்து சுருங்கிய காளானோ அவ்வளவாகக் கொழுப்பைக் குடிக்காது. அதனால் முதலில் வெறும் பாத்திரம்.

காளான் முழுவதையும் போட்டு, இரண்டு சிட்டிகை உப்புத் தூவி, தீயைக் கூட்டி வையுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காததுபோலத் தெரியும். காளான் உலர்ந்து பாத்திரத்தில் சரசரக்கும், 'அடி பிடிக்கப் போகிறது' என்று கை பரபரக்கும். தண்ணீர் தெளிக்காதீர்கள். மூன்றாவது நான்காவது நிமிடத்தில் ஓரங்களில் ஈரம் கசியத் தொடங்கும், பிறகு திடீரென்று பாத்திரம் முழுக்கப் பழுப்புத் தண்ணீர் நிற்கும். நறுக்கியபோது மலைபோல இருந்த காளான் அதற்குள் அமிழ்ந்து கிடக்கும்.

வெந்துவிட்டது என்று பலர் இந்த இடத்தில்தான் அடுத்த வேலைக்குப் போகிறார்கள். வெந்துவிட்டது உண்மைதான். ஆனால் தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. காளான் சிவந்து மணக்க 140 டிகிரி அளவுக்காவது சூடு ஏற வேண்டும். தண்ணீர் வற்றினால்தான் அது நடக்கும். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டவும் கூடாது. காளானின் சாறு அது, வற்றித் திரும்பவும் காளான் மேலேயே படிய வேண்டும்.

காதைக் கொடுத்துக் கேளுங்கள். தண்ணீர் நிற்கும்போது களகளவென்று கொதிக்கும் சத்தம். வற்ற வற்ற அது தணிந்து, ஒரு கட்டத்தில் சுர்ரென்று மாறும். கரண்டியால் காளானை ஒதுக்கினால் அடி உலர்ந்து தெரியும். எனக்கு இதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது, உங்கள் அடுப்பில் கொஞ்சம் முன்பின் ஆகலாம். கடிகாரத்தைவிடச் சத்தம் சரியாகச் சொல்லும்.

இப்போது எண்ணெயும் பாதி வெண்ணெயும் சேர்த்து, தீயை நடுத்தரத்துக்குக் குறையுங்கள். வெண்ணெய் நுரைத்துப் படபடக்கும். காளானை விரித்துப் பரப்பிவிட்டு ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள். அப்புறம் புரட்டுங்கள், மறுபடி விடுங்கள். ஓயாமல் கிளறினால் எந்தப் பக்கமும் சிவக்காது. ஐந்து நிமிடத்தில் வில்லைகளின் ஓரம் செம்பழுப்பாகி, சமையலறை முழுக்க வறுத்த கொட்டைபோல ஒரு மணம் வரும். அடியில் ஒரு பழுப்புப் படலம் ஒட்டியிருக்கும். அதைத் தேய்த்துக் கழுவ நினைக்காதீர்கள், சூப்பின் நிறமே அதுதான். கறுத்துக் கரிந்தால் மட்டும் கசக்கும்.

நன்றாகச் சிவந்த வில்லைகளில் ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து வையுங்கள். கடைசியில் மேலே போடலாம்.

வெங்காயமும் மாவும்

மீதி வெண்ணெயைப் போட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சேருங்கள். வெங்காயம் விடும் ஈரத்தில் அடியில் ஒட்டிய படலம் இளகி வரும், கரண்டியால் சுரண்டிக்கொண்டே வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடிபோல ஆனதும் பூண்டு. பூண்டு சீக்கிரம் கரியும், அதனால் ஒரு நிமிடம் போதும்.

மைதாவைப் பரவலாகத் தூவிக் கிளறுங்கள். மாவின் ஒவ்வொரு துகள் மேலும் வெண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும். அப்படிப் பூசியிருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாது, தண்ணீர் ஊற்றும்போது கட்டி தட்டாது. இரண்டு நிமிடம் வறுங்கள், பச்சை வாசனை போய்விடும். சூப் மாவு வாசனை அடிக்கிறது என்றால் இந்த இரண்டு நிமிடத்தில்தான் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள்.

அடுத்து தண்ணீர். மொத்தமாகக் கவிழ்க்காமல், முதலில் அரை டம்ளர் ஊற்றிக் கெட்டியான விழுதாகக் கலக்குங்கள். அதில் இன்னொரு அரை டம்ளர். வழவழவென்று ஆன பிறகு மீதியை ஊற்றலாம். தைம் இருந்தால் இப்போது போடுங்கள். கொதி வந்ததும் தீயைத் தணித்து, பாதி மூடி, பதினைந்து நிமிடம் மெதுவாகக் கொதிக்கவிடுங்கள்.

காளான் குழைந்துவிடுமோ என்ற கவலை இதில் இல்லை. காய்கறிகளின் செல்சுவர் பெக்டினால் ஒட்டியிருப்பது, கொதிக்கக் கொதிக்கக் கரையும். காளானின் செல்சுவரில் இருப்பது கைட்டின், நண்டு ஓட்டிலும் பூச்சிகளின் ஓட்டிலும் உள்ள அதே பொருள். வெந்நீருக்கு அது அசையாது. அரை மணி நேரம் அடுப்பில் மறந்து விட்டாலும் வில்லைகள் கடிக்கும்படியே இருக்கும்.

அரைத்தல்

தைம் கிளைகளை எடுத்துவிட்டு, சூப்பில் பாதியை மட்டும் அரையுங்கள். முழுக்க அரைத்தால் கெட்டியான ஒரே விழுதாகிவிடும், சிலருக்கு அது பிடிக்கும். எனக்குப் பாதி அரைத்துப் பாதி துண்டாக இருப்பதுதான் பிடிக்கும். கையால் பிடித்து அரைக்கும் பிளெண்டர் இருந்தால் பாத்திரத்துக்குள்ளேயே விட்டு இரண்டு சுற்று.

மிக்ஸியில் அரைப்பவர்கள் தயவுசெய்து கவனமாக இருங்கள். ஒருமுறை நான் கொதிக்கக் கொதிக்க ஜாரை நிறைத்து, மூடியை இறுக்கி ஓட்டினேன். முதல் சுற்றிலேயே மூடி எகிறி, சூப் மணிக்கட்டில் கொட்டியது. மாவு சேர்ந்த சூப் தண்ணீர்போல வழிந்து போகாது, தோலில் அப்பிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். கொப்புளம் ஆற இரண்டு வாரம் ஆயிற்று. பிளேடு சுற்றும்போது சூடான சூப்பிலிருந்து ஒரே நேரத்தில் நிறைய ஆவி கிளம்பும், மூடிய ஜாரில் அதற்குப் போக இடமில்லை. அதனால் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். ஜாரில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். மூடியின் நடுவில் திறப்பு இருந்தால் அந்தச் சிறு மூடியை எடுத்துவிட்டு, மடித்த துணியை மேலே வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். திறப்பு இல்லாத ஜார் என்றால் சூப் கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். விட்டு விட்டுச் சுற்றுங்கள். சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரின் கீழ் 20 நிமிடம் கையைக் காட்டுங்கள். ஐஸ் வைக்கக் கூடாது.

பாலும் உப்பும் எலுமிச்சையும்

அரைத்ததைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றிக் கலந்து, சிறு தீயில் வையுங்கள். பாலைத் தனியாக வெதுவெதுப்பாக்கி ஊற்றுவது நல்லது. ஊற்றிய பிறகு தளதளவென்று கொதிக்க விடாமல், ஓரத்தில் குமிழி எட்டிப்பார்க்கும் பதத்திலேயே மூன்று நான்கு நிமிடம் வைத்தால் போதும். பால் திரிவது பெரும்பாலும் புளிப்பும் கொதியும் சேரும்போதுதான். கொழுப்பு மிகுந்த கிரீம் அவ்வளவு எளிதில் திரியாது. கொழுப்பு நீக்கிய பாலுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

உப்பை இப்போதுதான் சரிபார்க்க வேண்டும். முதலில் போட்டது காளான் நீர் விட மட்டும். கடைசி உப்பை மூன்று தடவையாகப் போடுங்கள், ஒவ்வொரு முறையும் கலக்கி ருசி பாருங்கள். சப்பென்று இருந்த சூப் மூன்றாவது சிட்டிகையில் சட்டென்று எழுந்து நிற்கும். மிளகைத் தாராளமாகப் போடலாம்.

எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு, கிண்ணத்தில் ஊற்றிய சூப்பில் நான்கைந்து துளி மட்டும் விடுங்கள். புளிப்பு தெரியக் கூடாது. வெண்ணெயும் பாலும் சேர்ந்து நாக்கில் படியும் கனத்தை அது குறைக்கும். எடுத்து வைத்த சிவந்த வில்லைகளை மேலே போட்டு, சூடாகப் பரிமாறுங்கள்.

பாலோ மைதாவோ வேண்டாம் என்றால்

மைதாவுக்குப் பதில் சிறிய உருளைக்கிழங்கு ஒன்றைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் ஊற்றும்போது போட்டு வேகவைத்து அரைத்துவிடலாம். எனக்கு மைதாவைவிட இதுதான் பிடிக்கிறது, மண் மணத்துக்கு மண் மணம் சேர்கிறது. ஆனால் உருளைக்கிழங்கை மிக்ஸியில் அதிக நேரம் ஓட்டினால் பசைபோல இழுக்கும், இரண்டே சுற்றோடு நிறுத்துங்கள். சோளமாவு என்றால் ஒரு மேசைக்கரண்டியைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கடைசியில் கொதிக்கும் சூப்பில் ஊற்றி ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். சூடான சூப்பில் மாவை நேராகத் தூவினால் கட்டி தட்டும். பாலுக்குப் பதில் ஊறவைத்த முந்திரியை மைய அரைத்துச் சேர்க்கலாம், வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் போதும்.

உலர்ந்த காளான் ஒரு கைப்பிடி

கையில் உலர்ந்த ஷிட்டாகே இருந்தால் 15 கிராம் சேர்த்துப் பாருங்கள். சாதாரணப் பட்டன் காளான் சூப் வேறொரு உயரத்துக்குப் போய்விடும். காரணம் இருக்கிறது. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா, கடற்பாசிச் சாற்றின் தனிச்சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்து அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். உலர்ந்த ஷிட்டாகேயில் குவானிலேட் என்ற இன்னொரு பொருள் நிறைய இருக்கிறது. குளுட்டமேட்டும் குவானிலேட்டும் சேரும்போது நாக்கு உணரும் சுவை, இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினால் வருவதைவிடப் பல மடங்கு. பட்டன் காளானில் குளுட்டமேட் ஏற்கெனவே உண்டு, ஷிட்டாகே அதற்கு ஜோடி சேர்கிறது.

உலர்ந்த காளானை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைக்கலாம். நேரம் இருந்தால் முந்தின இரவே குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பது மேல். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், சூப்புக்கு ஊற்றும் 750 மில்லியில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடியில் மணல் தங்கியிருக்கும், அதனால் மெல்லிய துணியில் வடிகட்டி, கடைசி இரண்டு கரண்டியை விட்டுவிடுங்கள். ஊறிய ஷிட்டாகேயைப் பொடியாக நறுக்கி, வெங்காயத்தோடு வதக்கினால் போதும். ஷிட்டாகேயை எப்போதும் நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சிலருக்கு உடம்பில் சாட்டையால் அடித்ததுபோலக் கோடு கோடாகத் தடித்து அரிக்கும்.

சரியாக வராவிட்டால்

சூப் தண்ணியாக இருந்தால் மூடாமல் இன்னும் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள், பால் ஊற்றுவதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிட வேண்டும். கெட்டியாகிவிட்டால் வெந்நீர் ஊற்றித் தளர்த்தலாம். கட்டி தட்டியிருந்தால் வடிகட்டி, அந்தக் கட்டிகளை மட்டும் கொஞ்சம் சூப்போடு அரைத்துச் சேர்த்துவிடுங்கள். உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டு எடுப்பதால் உப்பு போய்விடாது, உப்பில்லாத தண்ணீரோ பாலோ சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் வழி. நிறம் சாம்பலாக இருக்கிறதா? காளான் சிவக்கவில்லை. அதை இந்தப் பாத்திரத்தில் சரிசெய்ய முடியாது. ஆனால் நான்கைந்து காளானைத் தனியாக வெண்ணெயில் நன்றாகச் சிவக்க வறுத்து மேலே போட்டால் இன்றைய சூப் தப்பிக்கும்.

மிச்சமானால்

இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி ஆற நேரம் பிடிக்கும், ஆழம் குறைந்த டப்பாக்களில் பிரித்து வையுங்கள். மூன்று நாள் தாங்கும். ஃபிரீசரில் வைக்க நினைத்தால் பால் சேர்ப்பதற்கு முந்தைய கட்டத்தில் எடுத்து வையுங்கள், பால் சேர்த்தது உருகும்போது பிரிந்து நிற்கும். சூடாக்கும்போது தேவையானதை மட்டும் எடுத்து, நடுவிலும் ஆவி பறக்கும்படி நன்றாகச் சூடாக்குங்கள். மறுநாள் மாவு இறுகி, சூப் கெட்டியாகியிருக்கும். கால் டம்ளர் பாலோ தண்ணீரோ ஊற்றிக் கலக்கி, மறுபடி உப்பு பார்த்துக்கொள்ளுங்கள்.